கடன் தீர்ந்த மறுநாள் வாடகை யாருக்கு?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நிலம், செங்கல், கூலி எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 2 லட்சம் யூரோ செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத்தொகையும் கடன். 4 சதவீத வட்டி, 30 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 955 யூரோ கட்ட வேண்டும். வட்டி மட்டும் 2 சதவீதமாக இறங்கினால் மாதத் தவணை 740 யூரோவுக்கு வந்துவிடும். அந்த 2 சதவீதக் கடனை 30 ஆண்டுக்குப் பதில் 50 ஆண்டில் அடைக்கலாம் என்றால் 528 யூரோ. நிலத்தை விலைக்கு வாங்காமல் நகராட்சியிடம் சொற்பக் குத்தகைக்கு எடுத்து, கடனை 1,60,000 ஆகக் குறைத்தால் 422 யூரோ.

இதில் ஒரு செங்கல்லைக்கூட நாம் குறைக்கவில்லை. கொத்தனார் கூலியிலும் கை வைக்கவில்லை. ஆனால் மாதச் செலவு பாதிக்கும் கீழே போய்விட்டது.

ஐரோப்பாவில் குறைந்த வாடகை வீடுகள் என்றதும், அரசு மானியத்தை அள்ளிக் கொடுக்கிறது போல என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். மானியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பணம் யாரிடமிருந்து வருகிறது, என்ன வட்டிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பது ஒரு பாதி. கடன் முழுவதும் தீர்ந்த பிறகு, அந்தக் கட்டடத்தில் தொடர்ந்து வரும் வாடகை யாருக்குப் போகிறது என்பது மறுபாதி. இந்த இரண்டாவது கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

அதற்கு முன், வீட்டுக்காரர் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சில இடங்களில் நகராட்சியே கட்டி நகராட்சியே வாடகைக்கு விடும். சில இடங்களில் லாபத்துக்குச் சட்டப்படி கடிவாளம் போட்ட வீட்டுவசதிக் கழகங்கள் அதைச் செய்யும். இன்னும் சில இடங்களில் குடியிருப்பவர்களே பங்கு போட்டுக் கூட்டுறவாகச் சேர்ந்து கட்டுவார்கள். பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மூன்றுக்கும் பணத் தேவை ஒரே மாதிரிதான்: இன்றைக்கே பெருந்தொகை வேண்டும், அது வாடகையாகத் திரும்பி வர நாற்பது ஐம்பது ஆண்டு ஆகும்.

வட்டியே இல்லாமல் கட்டிய வியன்னா

முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னா பசியிலும் நெரிசலிலும் கிடந்தது. 1919 நகரத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி வென்றது. 1922 ஜனவரி 1 முதல் வியன்னா ஆஸ்திரியாவுக்குள் தனி மாநிலமானது. இது வெறும் நிர்வாக மாற்றம் அல்ல. மாநிலம் என்றால் சொந்தமாக வரி போடலாம். அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்தவர் நகரத்தின் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர். இவர் அதற்கு முன் வங்கி இயக்குநர்! வட்டி என்ன செய்யும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

1923-இல் அவர் வீடு கட்டும் வரி ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாக் குடியிருப்புகளுக்கும் வரி உண்டு, ஆனால் வீடு ஆடம்பரமாக ஆக வரி பல மடங்கு ஏறும். மொத்த வீடுகளில் அரை சதவீதம் மட்டுமே இருந்த மிக உயர்ந்த ரகக் குடியிருப்புகள், வசூலான வரியில் ஏறக்குறைய 45 சதவீதத்தைக் கட்டின. வீட்டு வேலையாட்கள், மோட்டார் கார், பந்தயம், கேளிக்கை ஆகியவற்றுக்கும் தனித்தனி வரிகள். பணக்காரர்கள் பிரைட்னரை எவ்வளவு வெறுத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்தப் பணத்தை என்ன செய்தார்? கடனுக்கு வட்டி கட்டவில்லை, ஏனென்றால் கடனே வாங்கவில்லை. வரிப்பணத்தை நேராகக் கட்டடத்தில் போட்டார். முதலைத் திருப்பித் தர வேண்டியதில்லை, வட்டியும் இல்லை. ஆகவே வாடகை, பராமரிப்புச் செலவுக்கு மட்டும் போதுமானதாக இருந்தால் சரி. தொழிலாளியின் சம்பளத்தில் 4 சதவீதம் அளவுக்கே வாடகை நின்றது அப்படித்தான். 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றில் பேர்போனது கார்ல் மார்க்ஸ் ஹோஃப்: 1930-இல் திறக்கப்பட்டது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள்.

இதில் காலம் செய்த உதவியும் உண்டு. போர்க்காலத்திலேயே வாடகையை உறையவைத்திருந்தார்கள். அப்புறம் வந்த பணவீக்கம் அந்த வாடகையை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. வீடு கட்டி விடுவதில் லாபமில்லை என்றானதும் தனியார் ஒதுங்கினார்கள், நில விலை சரிந்தது, நகராட்சி மலிவாக வாங்கிக் குவித்தது. இன்றைக்கு அந்தச் சூழலை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. 1934 பிப்ரவரியில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது ராணுவம் பீரங்கியால் சுட்டது. சிவப்பு வியன்னா என்று பேர்பெற்ற அந்தச் சமூக ஜனநாயக ஆட்சிக் காலம் அத்தோடு முடிந்தது. கட்டடங்கள் முடியவில்லை. இன்றும் சுமார் 2,20,000 வீடுகள் நகரத்தின் சொந்தம்.

இப்போது வியன்னா புதிதாகக் கட்டும் முறை வேறு. ஆஸ்திரியா முழுவதும் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு வீட்டுவசதிக்காகப் பிடிக்கப்படுகிறது. நெடுங்காலமாக அது 1 சதவீதம், பாதியைத் தொழிலாளியும் பாதியை முதலாளியும் கட்டினார்கள். அந்தப் பணத்திலிருந்து நகரம் குறைந்த வட்டிக்கு நீண்ட காலக் கடன் கொடுக்கும். வாங்குபவை பெரும்பாலும் லாப வரம்புள்ள கழகங்கள். மீதிக்கு வங்கிக் கடன், கழகத்தின் சொந்தப் பணம். குடிவருபவரும் ஒரு தொகையை முன்கூட்டிக் கட்ட வேண்டும். அட்வான்ஸ் மாதிரிதான், ஆனால் ஒரு வித்தியாசம்: அது கட்டுமானச் செலவுக்கே போய்விடும். வீட்டைக் காலி செய்யும்போது, ஆண்டுக்கு 1 சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.

இந்தக் கழகங்களுக்குச் சட்டம் சொல்வது இது: செலவு எவ்வளவோ அவ்வளவுதான் வாடகை. உபரி வந்தால் திரும்ப வீட்டிலேயே போட வேண்டும். பங்குதாரருக்குக் கொடுக்கும் ஆதாயத்துக்கு உச்சவரம்பு உண்டு. கடன் எல்லாம் தீர்ந்ததும் வாடகை ஓர் அடிப்படை அளவுக்கு இறங்கும். மேலே கேட்ட கேள்விக்கு வியன்னாவின் பதில் இதுதான். கடன் தீர்ந்த பலன் பெரும்பாலும் குடியிருப்பவருக்கே போகிறது.

பாட்டி சேமித்த பணம்

பாரிஸ் புறநகரில் உறவினர் இருக்கும் ஈழத்தமிழர்களுக்கு ‘ஆஷ்எல்எம்’ என்ற சொல் பழக்கமாக இருக்கலாம். மிதமான வாடகை வீடுகளுக்கு பிரான்சில் வழங்கும் பெயர் அது. நாடு முழுவதும் ஏறக்குறைய 50 லட்சம் வீடுகள். இவற்றுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது, ஐரோப்பிய முறைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

1818 முதல் பிரான்சில் ‘லிவ்ரே ஆ’ என்ற சேமிப்புக் கணக்கு இருக்கிறது. பிறந்த குழந்தைக்குக்கூடத் திறந்துவைப்பார்கள். வட்டியை அரசு நிர்ணயிக்கும், அந்த வட்டிக்கு வரி கிடையாது, ஒருவர் 22,950 யூரோவுக்கு மேல் போட முடியாது. ஐந்து கோடிக்கும் அதிகமானோரிடம் இது இருக்கிறது. வங்கியில் சேரும் இந்தப் பணத்தில் சுமார் 60 சதவீதம், கேஸ் தே தெப்போ என்ற பொது நிதி நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். 1816-இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கிருந்து ஆஷ்எல்எம் கழகங்களுக்கு 40 ஆண்டுக் கடனாகப் போகும். நிலம் வாங்குவதற்கு என்றால் இன்னும் நீண்ட தவணை உண்டு.

எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வாங்கிய பணத்தை 40 ஆண்டுக்குக் கடன் கொடுக்கலாமா? எல்லோரும் ஒரே நாளில் கேட்டுவிட்டால்? ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் குடம் குடமாக மொண்டுகொண்டு போகிறார்கள், ஆனாலும் வரத்து நிற்காதவரை மட்டம் பெரிதாக இறங்குவதில்லை. பணத்தில் ஒரு பகுதியைக் கடன் கொடுக்காமல் கையிருப்பாகவும் வைத்திருப்பார்கள். மேலே அரசின் உத்தரவாதம் இருப்பதால் யாரும் அடித்துப் பிடித்து ஓடிவருவதும் இல்லை.

கடன் வட்டி, லிவ்ரே ஆ வட்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. மிக ஏழைகளுக்கான வீடு என்றால் அந்த விகிதத்தைவிடக் கொஞ்சம் குறைவு. வழக்கமான சமூக வீடு என்றால் 0.6 சதவீதம் கூடுதல். கடனுக்கு உள்ளூராட்சி ஜாமீன் நிற்கும், பதிலுக்கு 20 சதவீதம் வரை வீடுகளுக்கு ஆளைப் பரிந்துரைக்கும் உரிமையைப் பெறும்.

இந்த முறையின் பலவீனமும் அதே முடிச்சில்தான் இருக்கிறது. 2020-இல் 0.5 சதவீதமாக இருந்த லிவ்ரே ஆ வட்டி, விலைவாசி ஏறியதும் 2023 பிப்ரவரியில் 3 சதவீதமானது. சேமித்த பாட்டிக்குச் சந்தோஷம். வீட்டுக்கழகத்துக்கோ புதுக்கடனுக்கு மட்டுமல்ல, பழைய கடனுக்கும் வட்டி ஏறிவிட்டது. வாடகையை அந்த வேகத்தில் ஏற்ற முடியாது. அதனால் கட்டலாம் என்று நினைத்திருந்த வீடுகளில் கை வைக்க வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் வட்டி 1.7-க்கு இறங்கிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

பணம் தராமல் பெயரை மட்டும் தருவது

நெதர்லாந்து இன்னொரு வழியைப் பிடித்தது. அங்கே வீட்டுவசதிக் கழகங்களுக்கு 1901 சட்டம் அடித்தளம் போட்டது. 1990-களின் நடுவில் அரசு ஒரு பெரிய கணக்கு முடிப்பைச் செய்தது. கழகங்கள் அரசுக்குத் தர வேண்டிய கடனும், அரசு கழகங்களுக்கு இனித் தர வேண்டிய மானியமும் ஒன்றுக்கொன்று தட்டிக் கழிக்கப்பட்டன. இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் வெறுங்கையோடு விடவில்லை. 1983-இல் தொடங்கிய உத்தரவாத நிதியம் ஒன்று இருந்தது. ஒரு கழகம் தவணை கட்டத் தவறினால் நிதியம் கட்டும். நிதியத்தில் பணம் போதாவிட்டால் மற்ற கழகங்கள் எல்லாம் பங்கு போட வேண்டும். அதுவும் போதாவிட்டால் அரசும் நகராட்சிகளும் வட்டியில்லாக் கடன் தந்து தாங்கும். இப்படி மூன்று அடுக்குப் பாதுகாப்பு இருப்பதால் வங்கிகள் மிகக் குறைந்த வட்டிக்குக் கடன் தருகின்றன. அரசின் கஜானாவிலிருந்து பணம் போகவில்லை, அரசின் நல்ல பெயர் மட்டும் போகிறது. முதல் கணக்கில் 4 சதவீத வட்டி 2 சதவீதமாக இறங்கியதே, அது இப்படியும் நடக்கும்.

ஜாமீன் கொடுத்தால் கண்ணையும் திறந்து வைத்திருக்க வேண்டும். நாட்டின் மிகப் பெரிய கழகமாக இருந்த வெஸ்தியா, வட்டி ஏறினால் பாதுகாப்பு என்ற பெயரில் வட்டி மாற்று ஒப்பந்தங்களைத் தன் தேவைக்கு மீறி வாங்கிக் குவித்திருந்தது. வட்டி ஏறாமல் இறங்கியது, அப்படி இறங்கினால் நஷ்டம் கழகத்துக்கு. 2012-இல் அந்த ஒப்பந்தங்களிலிருந்து வெளியே வர சுமார் 200 கோடி யூரோ கொட்ட வேண்டியிருந்தது. அதில் ஒரு பகுதியைத் தப்பே செய்யாத மற்ற கழகங்கள் சுமந்தன. கடைசியில் சுமந்தவர்கள் அந்தக் கழகங்களின் வாடகைதாரர்கள்தான்.

நெதர்லாந்துக்கு இன்னொரு சிக்கலும் வந்தது, அது பிரஸ்ஸல்ஸிலிருந்து. அரசின் உதவியோடு ஒருவர் மலிவாகக் கடன் வாங்கினால் தனியார் போட்டியாளருக்கு அநியாயம் ஆகாதா என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் கேட்கின்றன. 2009-இல் வந்த முடிவின்படி, காலியாகும் சமூக வீடுகளில் 90 சதவீதம் ஆண்டு வருமானம் 33,000 யூரோவுக்குக் குறைந்தவர்களுக்கே போக வேண்டும் என்றானது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆசிரியரும் தாதியும் ஓட்டுநரும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்த தொகுப்புகள் மெல்ல மெல்ல ஏழைகளுக்கு மட்டுமான இடங்களாக மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டுவசதிக்கென்று ஒன்றியத்தில் ஓர் ஆணையர் முதன்முதலாகப் பொறுப்பேற்றது 2024 டிசம்பரில்தான்.

பங்கு போட்டுக் கட்டுபவர்கள்

கூட்டுறவுகளுக்கு சுவிட்சர்லாந்தின் சூரிக் நல்ல உதாரணம். அங்கே வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கூட்டுறவுகளுடையது. உறுப்பினர் சேரும்போது பங்குப் பத்திரம் வாங்குவார், போகும்போது போட்ட அதே தொகையைத் திரும்பப் பெறுவார். நகரில் வீட்டு விலை மூன்று மடங்கு ஏறியிருந்தாலும் அவருக்கு ஒரு பிராங்க்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. அடுத்து வருபவர் அதே மலிவில் உள்ளே வருவதற்கு இந்த விதிதான் காரணம்.

பெரிய தடை எப்போதும் முதல் பணம். வங்கி முழுத்தொகையும் தராது, கொஞ்சமாவது கைக்காசு போடு என்று சொல்லும். சூரிக் நகரம் இங்கே குறுக்கே வந்து உதவுகிறது. வங்கி அடமானத்துக்கு மேல் நகரம் இரண்டாம் கடன் கொடுப்பதால், கூட்டுறவு மொத்தச் செலவில் 6 சதவீதத்தைக் கையில் வைத்திருந்தாலே தொடங்கிவிடலாம். நகரம் தன் நிலத்தைப் பல பத்தாண்டுக் குத்தகைக்கும் தரும். 2014-இல் முடிந்த கால்க்பிரைட்டெ என்ற கூட்டுறவுக் கட்டடம் டிராம் நிறுத்தும் பணிமனையின் தலைமேல் கட்டப்பட்டது. நிலத்துக்கு இப்படியும் வழி தேடலாம்! சின்னக் கூட்டுறவுகள் தனித்தனியாகக் கடன் சந்தைக்குப் போனால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால், 1990-இல் பொதுவான ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பலருடைய கடன் தேவையைச் சேர்த்து ஒரே பத்திரமாக அது வெளியிடும். சுவிஸ் அரசு அதற்கு உத்தரவாதம் தரும்.

பார்சிலோனாவில் லா போர்தா கூட்டுறவுக்கு இப்படிப்பட்ட கடன் வசதி எதுவும் இல்லை. நகராட்சி 75 ஆண்டுக்கு நிலம் தந்தது. ஆனால் வழக்கமான வங்கிகள் கைவிரித்தன. வீடு உறுப்பினரின் சொத்து அல்ல, பயன்பாட்டு உரிமை மட்டும் என்றால் யாரிடமிருந்து எதை ஜப்தி செய்வது என்று அவர்களுக்குப் புரியவில்லை. கோப்57 என்ற கூட்டுறவு நிதி நிறுவனம் முன்வந்தது. ஊர்க்காரர்களும் பத்திரம் வாங்கினார்கள். 2018-இல் 28 வீடுகளில் குடியேறினார்கள்.

டென்மார்க்கின் பிடிவாதம்

டென்மார்க்கில் வீடுகளில் ஐந்தில் ஒன்று ‘அல்மென்’ எனப்படும் பொதுநலக் கழகங்களின் கையில் இருக்கிறது. செலவில் 2 சதவீதத்தைக் குடிவருபவர்கள் வைப்பாகத் தருகிறார்கள். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நகராட்சி போடும். மீதி முழுவதும் அடமானக் கடன். 2018 முதல் அந்தக் கடனுக்கான பத்திரங்களை அரசே வாங்கிக்கொள்வதால் வட்டி அடிமட்டத்தில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு. கழகத்தின் நிர்வாகக் குழுவில் வாடகைதாரர்களே பெரும்பான்மை.

கடன் தீர்ந்ததும் இங்கே வாடகை குறையாது. வியன்னாவுக்கு நேர் எதிர். குடியிருப்பவர் அதே தொகையைக் கட்டிக்கொண்டே இருப்பார். வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பணம், இனி 1960-களில் தொடங்கிய லான்ஸ்பிகெஃபோன்டென் என்ற பொது நிதிக்கும் கழகங்களின் சொந்த நிதிக்கும் போகும். பழைய தொகுப்புகளைப் புதுப்பிக்க, ஜன்னல் மாற்ற, லிஃப்ட் வைக்க என்று அந்தப் பணம் செலவாகிறது. 1960-களில் கட்டிய வீட்டின் வாடகை, இன்னொரு ஊரின் கூரைக்குப் போகிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த நிதியின் மேல் ஒரு கண் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெர்மனி விட்டதும் பிடித்ததும்

ஜெர்மனியில் சமூக வீடு என்பது கட்டடத்தின் குணம் அல்ல, ஒரு காலகட்டம். யார் வேண்டுமானாலும், தனியார் முதலாளியும்கூட, அரசின் மலிவுக் கடனை வாங்கிக் கட்டலாம். பதிலுக்கு இருபது முப்பது ஆண்டுக்குக் குறைந்த வாடகை. கெடு முடிந்ததும் அது சாதாரணச் சந்தை வீடு, பொதுப்பணத்தில் எழுந்ததாக இருந்தாலும். 1980-களின் முடிவில் ஏறக்குறைய 40 லட்சமாக இருந்த சமூக வீடுகள் இப்போது சுமார் 11 லட்சத்துக்கு வந்துவிட்டன. இடிந்து போய்க் குறையவில்லை. பெரும்பாலும் அதே கட்டடங்கள்தான், அதே இடத்தில்தான் நிற்கின்றன.

முன்பு அங்கேயும் ஆஸ்திரியா மாதிரி லாப வரம்புச் சட்டம் இருந்தது. தொழிற்சங்கங்களுக்குச் சொந்தமான ‘நொய ஹைமாட்’ என்ற பெரிய வீட்டு நிறுவனத்தில், நிர்வாகிகள் தங்கள் பையை நிரப்பிக்கொண்டது 1982-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 1986-இல் அதை ஒரு ரொட்டித் தொழிலதிபருக்கு ஒரு மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) விலையில் விற்கும் அளவுக்குப் போயிற்று. பிறகு அந்த விற்பனையைத் திரும்பப் பெற்றார்கள் என்பது வேறு கதை. இந்த அவமானத்தின் நிழலில், 1990 முதல் லாப வரம்புச் சட்டமே நீக்கப்பட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது என்று இதைத்தான் சொல்வார்கள்.

கடன் சுமையில் தவித்த பெர்லின், 2004-இல் சுமார் 65,000 வீடுகள் வைத்திருந்த தன் ஜிஎஸ்டபிள்யூ நிறுவனத்தை முதலீட்டு நிதியங்களுக்கு 40.5 கோடி யூரோவுக்கு விற்றது. நிறுவனத்தின் கடன்களையும் வாங்கியவர்களே ஏற்றுக்கொண்டார்கள். 2021-இல் அதே பெர்லின், பெரிய தனியார் நிறுவனங்களிடமிருந்து 14,750 வீடுகளை 246 கோடி யூரோவுக்கு வாங்கியது. அவற்றில் பல, முன்பு நகரத்தின் சொந்தமாகவே இருந்தவை. இரண்டு தொகுப்பும் ஒன்றல்ல, நேராக வைத்து ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் வீட்டுக்குச் சராசரியாக 1,67,000 யூரோ கொடுத்து வாங்கும்போது அந்த அதிகாரிகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த விற்பனைகளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஃப்ரைபுர்க் நகரத்தில் தொடங்கிய மீட்ஸ்ஹொய்சர் சிண்டிகாட் என்ற கூட்டமும் உண்டு. ஒரு வீட்டை வாங்க, அதில் குடியிருக்கப் போகிறவர்கள் நண்பர்களிடமும் தெரிந்தவர்களிடமும் நேரடியாகச் சின்னச் சின்னக் கடன் வாங்குவார்கள், மீதிக்கு வங்கி. வீடு ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். அந்தக் கம்பெனிக்கு இரண்டே பங்குதாரர்கள்: குடியிருப்போர் சங்கமும் சிண்டிகாட்டும். யாருக்கு அறை, எவ்வளவு வாடகை, சுவருக்கு என்ன நிறம் என்பதெல்லாம் குடியிருப்போர் பாடு, சிண்டிகாட் வாயைத் திறக்காது. வாடகையில் ஒரு சிறு பங்கு மட்டும் அடுத்து வீடு வாங்க வரும் குழுவுக்காகப் பொதுவில் சேரும். வீட்டை விற்கலாம் என்ற பேச்சு வரும்போதுதான் சிண்டிகாட்டின் கையெழுத்து தேவைப்படும். குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டாலும், அந்தக் கையெழுத்து இல்லாமல் வீடு கைமாறாது.